பின்னல் துணி மேல்சட்டையின் கழுத்தைச் சீராக முடிப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரவிக்கையும் மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங்கும் பஞ்சாபி உடையும் நேர்த்தியாகத் தைக்கத் தெரிந்த கோலாலம்பூர்ப் பெண்கள் பலர், டீ-ஷர்ட் துணியைக் கையில் எடுத்ததும் கழுத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். உடலும் கையும் எளிதாக முடிந்துவிடும். கழுத்து மட்டும் அலை அலையாக எழும்பும், அல்லது முன்பக்கம் வாய் பிளந்து நிற்கும். தையல் வகுப்பிலும் துணிக்கடையிலும் உறவினர் வீட்டிலும் திரும்பத் திரும்ப என் காதில் விழுந்த ஐயங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். அளவுகள் சென்டிமீட்டரில் உள்ளன. அங்குலத்தில் கணக்கிட்டுப் பழகியவர்கள் 2.5 செ.மீ. என்பதை ஓர் அங்குலமாகக் கொள்ளலாம்.

ரவிக்கைக் கழுத்து எனக்கு நன்றாக வருகிறது. டீ-ஷர்ட் கழுத்து மட்டும் ஏன் வருவதில்லை?

ரவிக்கைத் துணி, பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாக நெய்யப்பட்டது; பனியன் துணியோ ஒரே நூல் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னப்பட்டது. கண்ணிகள் விரிந்து சுருங்குவதால்தான் அந்தத் துணிக்கு இழுவை வருகிறது. ரவிக்கைக்குக் கொக்கி உண்டு என்பதால் அதன் கழுத்து ஓரம் விரிய வேண்டிய தேவையே இல்லை. கொக்கியோ திறப்போ இல்லாத டீ-ஷர்ட்டின் கழுத்து, பெரியவர்களானால் 55 முதல் 58 செ.மீ. வரை சுற்றளவுள்ள தலையை உள்ளே விட்டு, அடுத்த நொடியே பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும்.

ஆகவே அந்த ஓரத்தில் நாம் வைக்கும் பட்டியும், அதைப் பிடிக்கும் தையலும், தையலுக்குப் போடும் நூலும் விரிந்து மீள்பவையாக இருக்க வேண்டும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு தேவையிலிருந்தே பிறப்பவை.

வெட்டியவுடன் ஓரம் சுருண்டுகொள்கிறது. மட்டமான துணியை வாங்கிவிட்டேனா?

இல்லை. ஒற்றை ஜெர்சி என்று சொல்லப்படும் மெல்லிய பனியன் துணியின் இயல்பு அது. குறுக்குவாட்டில் இழுத்தால் வெட்டிய ஓரம் நல்ல பக்கத்தை நோக்கிச் சுருளும்; எது நல்ல பக்கம் என்று குழம்பும்போது இதைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். இன்டர்லாக், வரி வரியாகத் தெரியும் ரிப் ஆகிய இரண்டும் இருபுறமும் சமமாகப் பின்னப்பட்டவை என்பதால் சுருளுவதில்லை. முதன்முதலாகப் பழகுபவர்கள் இன்டர்லாக்கில் தொடங்குவது நல்லது.

ஜாஹிட் தெப்பி மெஷின் இல்லாமல் டீ-ஷர்ட் தைக்க முடியுமா?

தாராளமாக முடியும். ஓரத்தை வெட்டிக்கொண்டே சுற்றித் தைக்கும் அந்த ஓவர்லாக் இயந்திரம் வேகத்தையும் உட்புறச் சுத்தத்தையும் தருகிறதே தவிர, கழுத்து படிந்து உட்காருவதை அது தீர்மானிப்பதில்லை. ஜிக்ஜாக் போடும் சாதாரண வீட்டு மெஷினில், அகலம் 0.5 முதல் 1 மி.மீ., நீளம் 2.5 மி.மீ. என்று வைத்துத் தைத்தால், வெளியிலிருந்து பார்ப்பதற்கு நேர்த் தையல் போலவே தெரியும், இழுத்தாலும் அறுந்துபோகாது. மின்னல் கோடு போன்ற இழுவைத் தையல் உங்கள் மெஷினில் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் அதைப் பிரிப்பது பெரும்பாடு என்பதால், பட்டியின் அளவு சரியென்று உறுதியான பிறகே அதைப் போடுங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது பாட்டி காலத்துக் கருப்பு சிங்கர். அதில் நேர்த் தையல் மட்டும்தான் வரும். என்ன செய்வது?

தலை எளிதாக நுழையும்படி அகலமான கழுத்தாக வெட்டிக்கொள்ளுங்கள். கழுத்து அதிகம் விரிய வேண்டியதில்லை என்றால் நேர்த் தையலே போதுமானது. தையலின் நீளத்தை 2 மி.மீ. அளவுக்குக் குறைத்து, தைக்கும்போது துணியை முன்னும் பின்னும் மிக இலேசாக இறுக்கிப் பிடித்தால், தையலுக்குள் சிறிது நூல் தங்கி விரிவுக்கு இடம் கிடைக்கும். பாபினில் பஞ்சுபோல் உப்பியிருக்கும் நைலான் நூலைச் சுற்றிக்கொள்வது இன்னும் பாதுகாப்பானது. அந்த நூலைக் கையால் தளர்வாகச் சுற்ற வேண்டும். இறுக்கிச் சுற்றினால் அதன் இழுவை பாபினிலேயே தீர்ந்துவிடும்.

இந்தப் பழைய இயந்திரங்கள் பலவற்றில் ஊசியின் தட்டைப் பக்கம் பக்கவாட்டில் அமைந்திருப்பதால், ஒரே காம்பில் இரண்டு ஊசிகள் உள்ள இரட்டை ஊசி இவற்றுக்குப் பொருந்தாது. பின்னால் இரட்டை ஊசியைப் பற்றிச் சொல்வதை இந்த மெஷின் வைத்திருப்பவர்கள் விட்டுவிடலாம்.

எந்த ஊசி, எந்த நூல்?

முனை மழுங்கிய ஜெர்சி ஊசி வேண்டும். கூர்முனை ஊசி கண்ணியின் நூலையே அறுத்துவிடும்; அந்த ஓட்டை தைத்த அன்று தெரியாது, சில சலவைகளுக்குப் பிறகு ஏணிபோல் ஓடும். மெல்லிய ஜெர்சிக்கு 75/11, சற்றுத் தடித்த துணிக்கு 80/12 அல்லது 90/14 சரியாக வரும். ரப்பர்போல் இழுபடும் ஸ்பாண்டெக்ஸ் இழை அதிகமுள்ள துணியில் தையல் விட்டு விட்டு விழுந்தால் ஸ்ட்ரெட்ச் ஊசிக்கு மாறுங்கள். நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூலுக்கு இழுவை போதாது.

கழுத்துப் பட்டியை எவ்வளவு நீளம் வெட்ட வேண்டும்? ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவு சொல்கிறார்களே.

அளவுகள் வேறுபடுவதற்கு முதல் காரணம், ஒருவர் வெட்டிய ஓரத்தை அளக்கிறார், மற்றொருவர் தையல் கோட்டை அளக்கிறார். கழுத்து உட்குழிந்த வளைவு என்பதால், ஓரத்திலிருந்து 0.7 செ.மீ. உள்ளே தள்ளி விழும் தையல் கோடு, வெட்டிய ஓரத்தைவிட ஏறத்தாழ 4.4 செ.மீ. நீளமாக இருக்கும். நான் எப்போதும் தையல் கோட்டையே அளக்கச் சொல்கிறேன். அளவு நாடாவை விளிம்பில் நிற்கவைத்து, வளைவின் மேல் நடத்திக்கொண்டு போனால் பிசகு வராது.

அந்த அளவில் ஸ்பாண்டெக்ஸ் கலந்த பருத்தி ஜெர்சிக்கு 85 விழுக்காடும், நன்றாக மீளும் ரிப்புக்கு 75 முதல் 80 விழுக்காடும், இழுவை குறைந்த இன்டர்லாக்குக்கு 90 விழுக்காடும் எடுத்துக்கொண்டு தொடங்கலாம். தையல் கோடு 56 செ.மீ. என்றால், ஜெர்சிப் பட்டிக்கு 56-இல் 85 விழுக்காடு 47.6, பட்டியின் இரு முனைகளையும் இணைக்க 1.4 சேர்த்து 49 செ.மீ. வெட்ட வேண்டும். முடிந்த பட்டி 1.5 செ.மீ. அகலம் தெரிய வேண்டுமானால், இரண்டாக மடிப்பதற்கு 3, இரு ஓரத் தையலுக்கு 1.4, ஆக மொத்தம் 4.4 செ.மீ. அகலத்தில் வெட்டுங்கள்.

பட்டி ஏன் கழுத்தைவிடக் குட்டையாக இருக்க வேண்டும் என்பது புரிந்துவிட்டால், இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பட்டியின் மடிப்பு ஓரம், தையல் கோட்டுக்கு உள்ளே, அதைவிடச் சிறிய வட்டமாக உட்காருகிறது. 1.5 செ.மீ. அகலப் பட்டிக்கு அந்த உள்வட்டம் 9.4 செ.மீ. சிறியது, 2 செ.மீ. பட்டிக்கு 12.6; 3 செ.மீ. பட்டிக்கு 18.8. பட்டி அகலமாக ஆக நீளம் குறைய வேண்டும், இழுவையும் கூட வேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கும். அகலப் பட்டிக்கு ரிப் தேவைப்படுவதும், ஜெர்சியில் 1.5 செ.மீ. எளிதாகப் படிவதும் இந்தக் கணக்கினால்தான். தோளும் கழுத்தும் மேசைபோல் தட்டையாக இல்லாததால், இந்தக் குறைப்பு முழுவதையும் எப்போதும் வெட்டிவிட வேண்டியதில்லை; எனவே பேட்டர்னில் அச்சடித்த நீளத்தை அப்படியே நம்பாமல், மீந்த துணியில் ஒரு கால் வட்டம் தைத்துப் பார்ப்பதே உறுதியான வழி.

பட்டியைக் கிராஸ் வெட்டலாமா? ரவிக்கைக்கு அப்படித்தானே வெட்டுகிறோம்?

நெய்த துணிக்கு இழுவை மூலைவாட்டில் மட்டுமே கிடைப்பதால் அங்கே கிராஸ் வெட்டுகிறோம். பின்னல் துணிக்குப் பெரும் இழுவை குறுக்குவாட்டிலேயே இருப்பதால், பட்டியின் நீளம் துணியின் அகலத்தோடு செல்லும்படி நேராக வெட்ட வேண்டும். கிராஸ் வெட்டினால் துணியும் வீணாகும், பட்டியும் முறுக்கிக்கொள்ளும்.

அதே துணியில் பட்டி போடுவதா, தனியாக ரிப் வாங்குவதா?

ஒரு சிறு சோதனை செய்யுங்கள். துணியைக் குறுக்குவாட்டில் மடித்து, 10 செ.மீ. அளந்து பிடித்து, வலுக்கட்டாயமாக இழுக்காமல் எவ்வளவு இழுபடுகிறது என்று பாருங்கள். 14 அல்லது 15 வரை வந்து, விட்டவுடன் 10-க்கே திரும்பினால் அதே துணி போதும். இழுபட்டாலும் திரும்பாமல் 11-இல் நின்றுவிட்டால், அந்தத் துணிப் பட்டி இரண்டு மாதத்தில் தொளதொளத்துவிடும். அதற்கு ரிப்பே தேவை. ஸ்பாண்டெக்ஸ் கலக்காத விஸ்கோஸ் ஜெர்சி பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது.

ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானிலும் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவிலும் துணி தேடுபவர்கள், உடல் துணியில் ஒரு துண்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடை விளக்கில் ஒரே கருநீலமாகத் தெரியும் இரண்டு துணிகள் வெயிலில் வேறு வேறாகத் தெரியும். நிறம் ஒத்துவராவிட்டால், கிட்டத்தட்ட ஒத்துவரும் நிறத்தை எடுப்பதைவிட முற்றிலும் மாறுபட்ட நிறத்தை எடுப்பது மேல். அது வேண்டுமென்றே செய்ததாகத் தெரியும். இரண்டு துணிகளையும் வெட்டுவதற்கு முன்பே துவைத்து உலர்த்திவிடுங்கள். பருத்திப் பின்னல் 5 விழுக்காடு வரை சுருங்கக்கூடும். உடலும் பட்டியும் வேறு வேறு அளவில் சுருங்கினால் மேலே போட்ட கணக்கு அத்தனையும் வீண்.

பட்டியை நான்காகப் பிரித்துக் குண்டூசி குத்தித்தான் தைக்கிறேன். ஆனாலும் ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தொளதொளப்பு. ஏன்?

தோள் தையலைக் கால் பகுதிப் புள்ளியாகக் கொண்டிருப்பீர்கள். முன் கழுத்து பின் கழுத்தைவிட நீளமானது. தோள் தையலில் குத்தினால் முன்பக்கத்துக்குக் குறைவான பட்டியும் பின்பக்கத்துக்கு மிகுதியான பட்டியும் போய்விடும். முன் நடுவையும் பின் நடுவையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து மடித்தால், இரு பக்கங்களிலும் கிடைக்கும் மடிப்புகளே உண்மையான கால் புள்ளிகள். அவை தோள் தையலுக்குச் சற்று முன்னால் விழும்.

தைக்கும்போது சட்டை கீழேயும் பட்டி மேலேயும் இருக்கட்டும். மெஷினின் பற்கள் அடித் துணியைச் சற்று மிகுதியாக உள்ளே தள்ளும் இயல்புடையவை; நீளமான சட்டை ஓரம் கீழே இருந்தால் அந்த இயல்பு நமக்கு உதவுகிறது. இரண்டு குண்டூசிகளுக்கு இடையே பட்டியை மட்டும், சட்டையின் நீளத்துக்குச் சமமாக வரும்வரை இழுங்கள். சட்டை ஓரத்தை ஒருபோதும் இழுக்காதீர்கள். பட்டியின் இணைப்பைப் பின் நடுவிலோ, இடது தோள் தையலுக்குச் சற்றுப் பின்னாலோ வைத்து, அந்தத் தையலை இருபுறமும் விரித்து இஸ்திரி செய்தால் அங்கே முண்டு தெரியாது.

பாஜு கூரோங் கழுத்தைப் போல உட்புறம் துணி வைத்து மடித்துத் தைத்தால் என்ன?

பாஜு கூரோங்கின் வட்டக் கழுத்துக்கு முன்னால் ஒரு பிளவு உண்டு. தலை அந்தப் பிளவின் வழியே நுழைந்துவிடுவதால், ஓரத்தை இறுக்கமாக முடித்தாலும் குற்றமில்லை. மலாய் ஆண்கள் உடுத்தும் பாஜு மெலாயுவின், காலரில்லாத தெலுக் பெலாங்கா கழுத்தில் துலாங் பெலூட் என்னும் கைத்தையலால் ஓரம் முழுவதையும் கெட்டிப்படுத்துவதும் இதனால்தான் சாத்தியமாகிறது. பிளவில்லாத டீ-ஷர்ட்டில் அதே முறையைப் பின்பற்றினால் தலை நுழையாது, நுழைந்தாலும் நூல் அறும்.

பின்னல் துணியிலேயே பாஜு கூரோங் தைப்பவர்கள் பிளவை வைத்துக்கொண்டு உள்துணி முறையையே பின்பற்றலாம். அந்த உள்துணிக்குப் பின்னல் துணிக்கென்று வரும் மெல்லிய ஒட்டு கேன்வாஸை ஒட்டுங்கள்; காலருக்கு வைக்கும் விறைப்பான கேன்வாஸ் மார்பில் பலகைபோல் நிற்கும்.

பட்டியே வேண்டாம். ஓரத்தை உள்ளே மடித்து இரட்டை ஊசியால் அடித்துவிடலாமா?

செய்யலாம், ஆனால் எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. பட்டி தன் குட்டை நீளத்தால் கழுத்தைப் பிடித்து நிறுத்துகிறது. மடித்து அடித்த கழுத்துக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. வளைவில் உள்ளே மடியும் ஓரம் வெளியே இருக்கும் கோட்டைவிடக் குட்டை என்பதால், மடிக்கும்போதே அதை இழுக்க வேண்டியும் வருகிறது. ஆழமில்லாத அகலக் கழுத்துக்கு மட்டும், ஓரத்தில் ஒட்டு நாடாவை இஸ்திரியால் ஒட்டி, 1 செ.மீ.-க்கு மேல் போகாமல் மடித்துத் தைத்தால் ஏற்கும்படியாக இருக்கும்.

பட்டி வைத்த பிறகு மேல் தையல் கட்டாயமா? இரட்டை ஊசி போட்டால் நடுவில் வரப்பு எழும்புகிறதே?

கட்டாயமில்லை, ஆனாலும் நல்லது. தையல் ஓரத்தைச் சட்டைப் பக்கமாகத் தள்ளி, தையலிலிருந்து 2 மி.மீ. தள்ளிச் சட்டையின் மேல் ஒரு வரிசை அடித்தால், பட்டி துவைக்கத் துவைக்கப் புரண்டு நிற்காது. ஒற்றை ஊசியில் குறுகிய ஜிக்ஜாக்கே இதற்குப் போதும்.

கடை டீ-ஷர்ட்டில் காணும் இரட்டை வரி, கவர் ஸ்டிட்ச் என்ற தனி இயந்திரத்தில் போடப்படுவது. இரட்டை ஊசி அதன் வெளித் தோற்றத்தை மட்டுமே தருகிறது. வரப்பு எழும்புவது, அடியில் ஒற்றை பாபின் நூல் இரண்டு வரிகளையும் இழுத்துப் பிடிப்பதால். மேல் நூலின் இறுக்கத்தைக் குறையுங்கள், 4 மி.மீ. இடைவெளி ஊசிக்குப் பதிலாக 2.5 மி.மீ. ஊசியைப் போடுங்கள், ஸ்ட்ரெட்ச் வகை இரட்டை ஊசியாகவே பார்த்து வாங்குங்கள். அதன் பிறகும் அடங்காவிட்டால் ஒற்றை ஊசிக்குத் திரும்புங்கள். யாரும் குறை சொல்லப்போவதில்லை.

எல்லாம் சொன்னபடி செய்தேன். ஆனாலும் கழுத்து அலை அலையாக இருக்கிறது.

முதலில் அலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அலை சட்டைப் பக்கத்தில், பட்டியைச் சுற்றிச் சுருக்கங்களாகத் தெரிந்தால், பட்டி மிகவும் குட்டை. பட்டியே நெளிந்து உடலிலிருந்து விலகி நின்றால், பட்டி மிகவும் நீளம். பட்டி, சட்டை இரண்டும் சேர்ந்து நெளிந்தால், மெஷினின் பாதம் துணியை அழுத்தி இழுத்திருக்கிறது. பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு உங்கள் மெஷினில் இருந்தால் அதைத் தளர்த்துங்கள், ஓவர்லாக் என்றால் துணி இழுபடாமல் தடுக்கும் டிஃபரென்ஷியல் அளவை 1-இலிருந்து 1.3 அல்லது 1.5-க்கு உயர்த்துங்கள்.

பிரிப்பதற்கு முன், நீராவி இஸ்திரியைத் துணிக்குச் சற்று மேலே பிடித்து ஆவியை மட்டும் விட்டு, கையால் தட்டிப் படியவைத்துப் பாருங்கள். பருத்தித் துணியில் இலேசான அலைகள் இதிலேயே அடங்கிவிடும். இஸ்திரியைத் தேய்க்காமல் எடுத்து எடுத்து வைப்பதும், துணி முழுதும் ஆறும்வரை அதை நகர்த்தாமல் இருப்பதும் முக்கியம். நம் ஊர் ஈரக்காற்றில் ஆறுவதற்குச் சற்றுக் கூடுதல் நேரமே ஆகும்.

வி கழுத்தில் நடு முனை கூர்மையாக வருவதில்லை.

முனையின் உட்புறத்தில் 3 செ.மீ. சதுரமாகப் பின்னல் துணிக்கான கேன்வாஸை ஒட்டி, முனைக்கு இருபுறமும் சில செ.மீ. தூரம் தையல் கோட்டின் மேலேயே 2 மி.மீ. நேர்த் தையல் போடுங்கள். பிறகு முனையை நோக்கி, தையலுக்கு 1 மி.மீ. மீதம் இருக்கும்வரை கத்தரியுங்கள். கத்தரிக்க அஞ்சி 3 மி.மீ. விட்டுவிடுவதால்தான் பெரும்பாலான முனைகள் சுருங்குகின்றன.

பட்டியை வளையமாக இணைக்காமல், சரியாக முனையில் தொடங்கி ஒரு பக்கமாகச் சுற்றிவந்து, மறுபக்கத்தில் முனைக்கு 5 செ.மீ. முன்பாக நிறுத்துங்கள். பட்டியின் இரு நுனிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே தள்ளி, உட்புறத்திலிருந்து மீதியைத் தைத்து முடிக்கலாம். முன்பக்கத்தின் இரு சரிவுகளும் ஏறக்குறைய நேர்க்கோடுகள் என்பதால், அங்கே பட்டியை 95 விழுக்காடு அளவில் மட்டும் வையுங்கள். 85 விழுக்காட்டுக் கணக்கு பின் கழுத்து வளைவுக்குத்தான். ஆழமான யூ கழுத்துக்கும் இதே நியாயம்: பக்கங்களில் இழுக்காமல், அடிவளைவில் இழுங்கள்.

பேரனுக்குத் தைத்தேன். கழுத்து அழகாக வந்தது, தலை நுழையவில்லை.

குழந்தைக்கு உடலை நோக்கத் தலை பெரிது. ஒரு வயதில் தலைச் சுற்றளவு 46 செ.மீ. அளவுக்கு இருக்கும். கழுத்தை முழு அளவுக்கு இழுத்துப் பிடித்தால் 48-ஆவது வர வேண்டும்; வராவிட்டால் ஒரு தோளைத் திறந்து அழுத்துப் பொத்தான் வையுங்கள். அல்லது முன்துண்டு, பின்துண்டு இரண்டின் கழுத்துக்கும் தனித்தனியே பட்டி வைத்து, தோளில் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி கையோடு சேர்த்துத் தையுங்கள். கைக்குழந்தைச் சட்டைகளில் பார்த்திருப்பீர்கள்.

பின் கழுத்துத் தையல் உறுத்துகிறது என்று மகள் போட மறுக்கிறாள்.

தோளிலிருந்து தோள்வரை 3 செ.மீ. அகலப் பட்டை ஒன்றை மெல்லிய ஜெர்சியில் வெட்டி, பின் கழுத்துத் தையலை மூடித் தைத்துவிடுங்கள். வியர்க்கும் ஊரில் உறுத்தல் இன்னும் கூடும் என்பதால், நைலான் நாடாவைவிடப் பருத்தியே நல்லது. இந்தப் பட்டை பின் கழுத்து தொங்கிப்போவதையும் தடுக்கும். தலை நுழையும்போது விரிவது பெரும்பாலும் முன்பக்கமே ஆகையால் இடைஞ்சல் எதுவும் இருக்காது.

ஏற்கெனவே தைத்து முடித்த சட்டை. கழுத்து வாய் பிளந்து நிற்கிறது. துணியை எறியாமல் காப்பாற்ற முடியுமா?

பட்டி மட்டும் நீளம் என்றால், அதைப் பிரித்து 2 அல்லது 3 செ.மீ. குறைத்து மறுபடி வைத்தால் தீர்ந்தது. பிரிக்கும்போது சட்டை ஓரமே இழுபட்டுப் போனதாகத் தெரிந்தால், உடனே பட்டி வைக்காமல் ஒரு முறை துவைத்துத் தட்டையாகப் போட்டு உலர்த்துங்கள். ஓரளவு தானே சுருங்கிவிடும். அதன் பிறகு மீண்டும் அளந்து பட்டி வெட்டுங்கள், பழைய அளவை வைத்து வெட்டாதீர்கள்.

கழுத்தையே பெரிதாக வெட்டிவிட்டிருந்தால், குறுகிய பட்டியால் பயனில்லை. மேலே சொன்ன கணக்கின்படி 3 செ.மீ. அகலப் பட்டி கழுத்துச் சுற்றை 18.8 செ.மீ. வரை உள்ளே கொண்டுவரக்கூடியது. நன்றாக மீளும் ரிப்பில், 7.4 செ.மீ. அகலமாக வெட்டி, முதலில் நீளத் தையல் போட்டுத் தற்காலிகமாக இணைத்து, தலையை விட்டுப் பார்த்து, படிந்தால் மட்டும் நிலையான தையலைப் போடுங்கள்.